பெட்டியை மாற்றினால் போதாது

1980களின் தொடக்கம். அமெரிக்காவில் ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் ஒர்க்‌ஷாப். இழுவை இல்லாமல் திக்கித் திணறி வந்த செவர்லே கார் ஒன்று உள்ளே நிற்கிறது. மெக்கானிக் குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 12 துளை பிளக்கைத் தேடிப் பிடிக்கிறார். ஏ, பி என்ற இரண்டு துளைகளில் பேப்பர் கிளிப் ஒன்றை வளைத்துச் செருகுகிறார். என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிவிட்டு மீட்டர் போர்டைப் பார்க்கிறார். ‘செக் என்ஜின்’ விளக்கு ஒரு முறை மின்னி, சற்று நின்று, இரண்டு முறை மின்னுகிறது. அது 12. கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று முறை 12 சொல்லிவிட்டு, தான் பதிந்து வைத்திருக்கும் கோளாறுகளை அது ஒவ்வொன்றாக மின்னிக் காட்டும். தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து எண்ணிக்கொள்வது மெக்கானிக்கின் வேலை.

சென்சார்களையும் ஒயரிங்கையும் சோதித்து முடித்த பிறகு, ஈசிஎம் என்கிற அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியே பழுது என்று தெரிந்தால் புதுப்பெட்டி வரவழைப்பார்கள். வந்த பெட்டியை அப்படியே மாட்டினால் வண்டி ஓடாது. பழைய பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே பிளாஸ்டிக் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பிராம் என்ற சிப்பைப் பூப்போல எடுத்துப் புதுப்பெட்டியில் பொருத்த வேண்டும். திசை மாற்றி வைத்துச் சாவியைத் திருப்பினால் சிப் அங்கேயே செத்துவிடும். கால்கள் சரியாக உட்காரவில்லையென்றால் விளக்கு ஐந்து முறையும் ஒரு முறையுமாக மின்னும். 51, பிராம் கோளாறு.

கார் கம்ப்யூட்டரை மாற்றும் தொழிலுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வயது. இத்தனை காலத்தில் பெட்டியின் உருவம் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது, எதை மாற்றினால் வண்டி ஓடும் என்பதுதான். முதலில் பெட்டியை மாற்றினார்கள். அடுத்து பெட்டிக்குள் இருந்த சிப்பை மாற்றினார்கள். பிறகு சிப்பில் இருந்த புரோகிராமை மாற்றினார்கள். இன்றைக்கு இவை எல்லாம் கையில் இருந்தாலும், மாற்றுவதற்கு அனுமதி வேண்டியிருக்கிறது. அந்த அனுமதி யார் கையில் இருக்க வேண்டும் என்பதே இந்த வரலாறு வந்து நிற்கும் இடம்.

புகையில் தொடங்கிய கதை

காருக்குள் கம்ப்யூட்டர் நுழைந்ததற்கு வேகமோ சொகுசோ காரணம் இல்லை. காற்று காரணம்.

1943 ஜூலையில் ஒரு நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைக் கண் எரிய வைக்கும் புகை மூடியது. போர்க்காலம் என்பதால் எதிரி நச்சுவாயு வீசிவிட்டானோ என்றுகூட மக்கள் பயந்தார்கள். புகை வருடா வருடம் திரும்பி வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். கால்டெக்கில் பணியாற்றிய டச்சு வேதியியலர், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்தின் வாசனையைப் பிரித்தெடுத்த அதே நுட்பத்தை ஊர்க் காற்றின் மீது பயன்படுத்திப் பார்த்தார். வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் கக்கும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து உண்டாக்கும் புகை அது என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். கார் நிறுவனங்கள் அதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. 1967ல் கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் அவரே. 1970ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய தூய காற்றுச் சட்டம், புதிய கார்களின் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் ஐந்தாண்டுகளுக்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது.

அதுவரை பெட்ரோலையும் காற்றையும் கலந்தது கார்புரேட்டர். ஸ்க்ரூ டிரைவரும் பழகிய காதும் இருந்தால் அதை ‘செட்டிங்’ செய்துவிடலாம். ஆனால் அது பொதுவான அளவில்தான் கலக்கும். மலை ஏறும்போதும், குளிரிலும், வெயிலிலும் கலவை கூடும், குறையும்.

எலக்ட்ரானிக்ஸைக் கொண்டு பெட்ரோலை அளந்து தெளிக்கலாம் என்ற எண்ணம் புகைச் சட்டங்களுக்கு முன்பே பிறந்துவிட்டது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957ல் ‘எலெக்ட்ரோஜெக்டர்’ என்ற அமைப்பை அறிவித்தது. கிரைஸ்லர் அதை 1958ஆம் ஆண்டு மாடல்களில் சுமார் 35 கார்களில் பொருத்தி விற்றது. என்ஜின் சூட்டையும் அதிர்வையும் தாங்கும் பக்குவம் அன்றைய மின்னணு உதிரிகளுக்கு வரவில்லை. பெரும்பாலான கார்களில் அதைக் கழற்றிவிட்டுப் பழையபடி கார்புரேட்டரே பொருத்தப்பட்டது. ஒரு காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியை ‘மாற்றிய’ முதல் நிகழ்வுகள் அவைதான் என்று சொல்லலாம். அங்கே மாற்றுவது என்றால் கைவிடுவது.

பெண்டிக்ஸின் காப்புரிமைகள் உரிம வழியாக ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தைச் சேர்ந்தன. போஷ் பத்தாண்டு பொறுமையாக உழைத்தது. 1967ல் ‘டி-ஜெட்ரானிக்’ வந்தது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான வோக்ஸ்வாகன் 1600 கார்களில் அது முதலில் பொருத்தப்பட்டது. கலிஃபோர்னியாவின் புகை விதிகளைச் சமாளிப்பதே அந்த ஏற்றுமதியின் கவலை. அந்தப் பெட்டிக்குள் புரோகிராம் எதுவும் கிடையாது. டிரான்சிஸ்டர்களும் மின்தடைகளும் பலகையில் பற்றவைக்கப்பட்டு, அந்தச் சுற்றின் அமைப்பே கணக்கைப் போட்டது. பழுதானால் அதே எண்ணுள்ள இன்னொரு பெட்டியை மாட்டினால் தீர்ந்தது. சாவி கேட்காது, கோடிங் கேட்காது. மாற்றும் தொழில் இவ்வளவு சுலபமாக இருந்த காலம் பிறகு திரும்பவில்லை.

14.7 என்ற எண்

1970களின் நடுவில் ஒரு எண் எல்லாவற்றையும் மாற்றியது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, எடைக்கணக்கில். இந்த அளவில் கலந்தால் பெட்ரோலும் மிஞ்சாது, ஆக்சிஜனும் மிஞ்சாது.

புகைக்குழாயில் பொருத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்துவிட்டது. அடுத்து வந்த ‘மூவழி’ கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே நேரத்தில் அடக்கக்கூடியது. ஆனால் கலவை 14.7ஐ ஒட்டியே நிற்க வேண்டும். காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பும். பெட்ரோல் கூடினால் மற்ற இரண்டும் தப்பும். இந்தக் கயிற்றின் மேல் கார்புரேட்டரால் தனியாக நடக்க முடியவில்லை.

வழி காட்டியது போஷின் ஆக்சிஜன் சென்சார். 1976ல் வோல்வோ அதைக் கலிஃபோர்னியாவுக்கான 240 கார்களில் கொண்டுவந்தது. புகைக்குழாய்க்குள் தலைநீட்டும் அந்தச் சிறு பீங்கான் முனை, எரிந்த வாயுவில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று முகர்ந்து, ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தமாகச் சொல்லும். அதை இடைவிடாமல் கேட்டு, பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க ஒரு மூளை வேண்டும்.

மைக்ரோபுராசஸர் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1977 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் டொரோனாடோ காரில் தீப்பொறி நேரத்தை மட்டும் கணிக்கும் ஒரு கம்ப்யூட்டரை வைத்தது. ஃபோர்டு 1978ல் தோஷிபாவின் 12 பிட் சிப்பைக் கொண்டு லிங்கன் வெர்சேய்ல்ஸ் காரில் தன் முதல் என்ஜின் கம்ப்யூட்டரைப் பொருத்தியது. 1979ல் போஷின் ‘மோட்ரானிக்’, பிஎம்டபிள்யூ 732ஐ காரில் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே பெட்டியின் கீழ்க் கொண்டுவந்தது. 1981 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்கப் பெட்ரோல் கார்கள் ஏறத்தாழ அனைத்துக்கும் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டது.

அந்தப் பெட்டிகளைச் செய்தது டெல்கோ எலக்ட்ரானிக்ஸ். அப்போலோ விண்கலங்களின் வழிகாட்டும் கருவிகளைத் தயாரித்த மில்வாக்கியின் ஏசி எலக்ட்ரானிக்ஸும், இந்தியானா மாநிலம் கோகோமோவில் கார் ரேடியோ செய்துகொண்டிருந்த டெல்கோ ரேடியோவும் 1970ல் இணைந்து உருவான நிறுவனம் அது. நிலவுக்கு வழிகாட்டிய தொழில்நுட்பமும் கார் ரேடியோவின் மலிவான பெருந்தயாரிப்பும் அந்தச் சிறு பெட்டிக்குள் சேர்ந்தன.

சிப்பைக் கைமாற்றிய காலம்

ஏன் பெட்டி ஒன்றாகவும் சிப் வேறாகவும் இருந்தன? இதற்கு விடை கணக்கில் இருக்கிறது. ஒரு நிறுவனம் டஜன் கணக்கான மாடல்களை விற்கிறது. ஒரே என்ஜின் கனமான காரிலும் போகும், இலகுவான காரிலும் போகும். ஆட்டோமேட்டிக் கியர், கையால் போடும் கியர், பின் அச்சின் பல்விகிதம், கலிஃபோர்னியா விதி, மற்ற மாநிலங்களின் விதி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்கள் தேவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி செய்தால் கட்டுப்படி ஆகாது. பெட்டியைப் பொதுவாக வைத்துக்கொண்டு, அந்தந்தக் காருக்கான எண்களை மட்டும் தனிச் சிப்பில் எழுதினார்கள். கடையில் கிடைத்த புதுப்பெட்டிக்குச் சிப் இல்லாததற்கு இதுதான் காரணம். காரின் ஜாதகம் பழைய பெட்டியில் இருந்தது.

அந்தக் காலப் பழுதுநூல்கள் சொன்ன பாடம் ஒன்று இன்றைக்கும் பொருந்தும். ஈசிஎம் தானாகக் கெடுவது குறைவு. அது இயக்கும் ரிலேயோ சோலனாய்டோ உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்துப் பெட்டியின் வெளியீட்டுச் சுற்றை எரித்துவிடும். எனவே புதுப்பெட்டியை மாட்டும் முன் ஒவ்வொரு சோலனாய்டின் மின்தடையையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். 20 ஓமுக்குக் குறைந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். இல்லையென்றால் புதுப்பெட்டியும் பழையதன் வழியிலேயே போகும். கெட்ட எர்த், தளர்ந்த பிளக், தண்ணீர் இறங்கிய ஒயரிங் ஆகியவற்றைக் கண்டுபிடிக்காமல் பெட்டியைக் குற்றம் சொன்னவர்கள் அன்றும் பணத்தை இழந்தார்கள்.

சிப்பைக் கழற்ற முடியும் என்றால் வேறு சிப்பையும் மாட்ட முடியும். புற ஊதா ஒளியில் அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ஈபிராம் சிப்புகள் சிறு கண்ணாடி ஜன்னலோடு கடைகளுக்கு வந்தன. வண்டிக்குக் கூடுதல் வேகம் தரும் சிப்புகளை விற்கும் தொழில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருகியது. ‘சிப் டியூனிங்’ என்ற பேர் அங்கே பிறந்ததுதான். இன்று எந்தச் சிப்பையும் தொடாமல் லேப்டாப்பிலேயே வேலை முடிந்தாலும் பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

எண்களை மாற்றி எழுதியவர்கள் வெளியார் மட்டும் இல்லை. 1995ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்க அரசோடு ஒரு சமரசத்துக்கு வந்தது. 1991 முதல் 1995 வரையிலான மாடல்களில் சுமார் 4,70,000 கேடிலாக் கார்கள். ஏசி இயங்கும்போது என்ஜின் அணைந்துபோகும் குறையைச் சரிசெய்ய, பெட்ரோலைக் கூட்டும் புது எண்களைச் சிப்பில் எழுதியிருந்தார்கள். அரசின் புகைச் சோதனை ஏசி அணைந்த நிலையில் நடக்கும். சாலையில் ஏசி ஓடும்போது கார்பன் மோனாக்சைடு வரம்பை மீறியது. அபராதம், திரும்ப அழைத்துப் பழுதுநீக்கும் செலவு எல்லாம் சேர்த்து சுமார் 4.5 கோடி டாலர் கணக்கானது. கண்ணுக்குத் தெரியாத சில எண்கள் லட்சக்கணக்கான வண்டிகளின் புகையைத் தீர்மானிக்கும் என்று ஊர் உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான்.

கேபிள் வழியாக வந்த புரோகிராம்

1984ல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா ‘ஃபிளாஷ்’ நினைவகத்தை உலகுக்கு அறிமுகம் செய்தார். கழற்றாமல், புற ஊதா விளக்கு இல்லாமல், மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். 1990களின் நடுவில் அது கார்களுக்குள் வந்தது. சிப் இனி சாக்கெட்டில் உட்காரவில்லை, பலகையோடு பற்றவைக்கப்பட்டுவிட்டது. புதுப்பெட்டி வெறும் பலகையாக வந்தது, வண்டியில் மாட்டிய பிறகுதான் புரோகிராம் எழுதப்பட்டது.

அதே சமயம் பிளக்கும் ஒன்றானது. 1988 மாடல் முதல் கலிஃபோர்னியா கேட்ட தற்சோதனை வசதியை நிறுவனங்கள் ஆளுக்கொரு வடிவில் கொடுத்தன. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிளக், ஒரு கோடு வரிசை, ஒரு கருவி. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற பொதுவான தற்சோதனைத் தரம் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்கு அடியில் 16 முனைகள் கொண்ட ஒரே வகைப் பிளக். ஐரோப்பா தன் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல் இதைக் கேட்டது. நம் ஊர்ப் பட்டறைகளில் ‘ஸ்கேனர் போட்டுப் பார்’ என்று சொல்கிறார்களே, அந்த ஸ்கேனர் போய்ச் சேரும் இடம் இதே பிளக்தான்.

புரோகிராம் போடும் முறை அன்றைக்குத் தனிச் சடங்காக இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் டீலரிடம் ‘டெக் 2’ என்ற கைக்கருவி இருக்கும். அதை முதலில் காரில் சொருகி, எந்தக் கார் என்று அடையாளம் வாங்க வேண்டும். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய், அந்தக் காரின் வின் எண்ணுக்கு உரிய புரோகிராமை ஏற்றிக்கொள்ள வேண்டும். வின் எண் என்பது நாம் சேஸிஸ் நம்பர் என்று சொல்வது. திரும்பக் காருக்கு வந்து கருவியைச் சொருகிக் காத்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கினாலோ கேபிள் அசைந்தாலோ பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் பெட்டி செத்த கல்லாகிவிடும் ஆபத்து உண்டு. அதனால் அனுபவம் உள்ளவர்கள் ஏற்ற இறக்கம் இல்லாத மின்சாரம் தரும் சப்ளையைப் பேட்டரியோடு கட்டிவிட்டுத்தான் இன்றும் தொடங்குகிறார்கள்.

எழுதி முடித்தாலும் வேலை முடியாது. புதுப்பெட்டிக்குத் தன் என்ஜினைப் பற்றி எதுவும் தெரியாது. ஐடிலில் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்க வேண்டும், கிராங்க் சென்சாரின் பல்சக்கரத்தில் எந்தப் பல் மயிரிழை முன்னே பின்னே இருக்கிறது என்பதையெல்லாம் அது கற்றுக்கொள்ள வேண்டும். கிராங்க் பாடத்தைச் செய்யாமல் விட்டால், எந்தச் சிலிண்டர் எரியாமல் விடுகிறது என்பதைப் பெட்டியால் நம்பகமாகச் சொல்ல முடியாது. செக் என்ஜின் விளக்கும் எரியும். ‘புது ஈசிஎம் போட்டும் லைட் அணையல’ என்று வரும் புகார்கள் பலவற்றின் வேர் இந்தப் படிக்கப்படாத பாடம்.

சாவிக்குள் ஒரு பூட்டு

1986 கார்வெட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு புதுமையைச் செய்தது. சாவியின் தண்டில் சிறு மின்தடை ஒன்றைப் பதித்தது. 15 வகை மதிப்புகளில் எது சரி என்பது வண்டிக்குத் தெரியும். மதிப்பு பொருந்தவில்லையென்றால் ஸ்டார்ட்டரும் சுற்றாது, பெட்ரோலும் வராது. பத்தாண்டுக்குள் மின்தடைக்குப் பதில் ரேடியோ சிப் சாவித்தலைக்குள் புகுந்தது. 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கார்த்திருட்டு பெருகி, காப்பீட்டு நிறுவனங்கள் நெருக்கின. 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் என்ற இந்த மின்னணுப் பூட்டு கட்டாயமானது.

பலன் பெரிது. நெதர்லாந்தின் திருட்டுக் கணக்குகளை ஆராய்ந்த யான் வான் அவுர்ஸ், பென் வொல்லார்ட் என்ற பொருளியலாளர்கள், இம்மொபிலைசர் கார்த்திருட்டைச் சராசரியாக 40 சதவீதம் அளவுக்குக் குறைத்ததாகக் கண்டார்கள்.

திருடனைத் தடுத்த பூட்டு மெக்கானிக்கையும் தடுத்தது. ஈசிஎம், இம்மொபிலைசர், சாவி மூன்றும் ஒன்றையொன்று ரகசிய எண்ணால் அடையாளம் காண்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் அதை அந்நியனாகப் பார்க்கும். சென்னை புதுப்பேட்டையில் உடைத்த காரிலிருந்து அதே மாடல், அதே பார்ட் நம்பர் பெட்டியை வாங்கி வந்து மாட்டினாலும், பல வண்டிகளில் என்ஜின் ஒரு நொடி உறுமிவிட்டு அணைவதற்குக் காரணம் இதுதான். பெட்டி நல்ல பெட்டி. அது வேறொரு சாவிக்கு வாழ்க்கைப்பட்ட பெட்டி. அந்த உறவை அறுத்துப் புது உறவை எழுதும் கருவியும் கடவுச்சொல்லும் இருந்தால்தான் வண்டி நகரும். சில ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இதற்குப் பொறுமையே கருவியாக இருந்தது. சாவியைப் போட்டுப் பத்து நிமிடம், அணைத்துத் திரும்பவும் பத்து, மூன்றாவது முறையும் பத்து என்று அரை மணி நேரம் காத்திருந்தால் பெட்டி புதுச் சாவியை ஏற்றுக்கொண்டது. பிற்பாடு வந்த பல வண்டிகளில் கம்பெனி சர்வரைத் தொடாமல் காரியம் நடப்பதில்லை.

அனுமதி யாருக்கு?

இங்கேதான் பழுதுபார்ப்பவருக்கும் நிறுவனத்துக்கும் வழக்கு தொடங்கியது. ஸ்பேனர் இருந்தும், திறமை இருந்தும், பெட்டி இருந்தும், புரோகிராம் டீலரிடம் மட்டுமே இருந்தால் சுதந்திரமான பட்டறை எப்படிப் பிழைக்கும்?

சட்டம் இரண்டு வழியாகப் பதில் சொன்னது. முதல் வழி, பொதுவான கருவி. அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம் 2002ல் ஜே2534 என்ற தரத்தை வெளியிட்டது. ஒரே இடைக்கருவியை எந்தக் காரிலும் சொருகி, அந்தந்தக் கம்பெனியின் மென்பொருளைக் கட்டணம் கட்டி இறக்கி எழுதலாம். 2004 மாடல் முதல் புகை சார்ந்த பெட்டிகளுக்கு இந்த வசதியைத் தர வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதித்தது. ஐரோப்பாவும் 2007ல் இயற்றிய 715ஆம் எண் விதியில் இதே கதவைத் திறந்தது.

இரண்டாவது வழி, வாக்குப்பெட்டி. 2012 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள், டீலருக்குத் தரும் பழுதுபார்ப்புத் தகவலையும் கருவியையும் நியாய விலையில் எல்லாருக்கும் தர வேண்டும் என்ற முன்மொழிவுக்கு 80 சதவீதத்துக்கும் மேல் ஆதரவளித்தார்கள். 2014ல் கார் நிறுவனங்களே முன்வந்து, அதே ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் விரிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2015ல், உரிமையாளர் தன் காரின் மென்பொருளைப் பழுதுபார்ப்பதற்காகத் திறப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் விலக்களித்தது.

அதே 2015 எதிர்த் திசையிலும் இரண்டு பாடங்களைக் கொடுத்தது. ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் காரை இணையம் வழியாகக் கைப்பற்றிக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. உரிமையாளர்களுக்குத் திருத்தம் யுஎஸ்பி குச்சியில் தபாலில் போனது. செப்டம்பரில் வோக்ஸ்வாகன் சிக்கியது. டீசல் கார்களின் ஈசிஎம் புரோகிராம், வண்டி ஆய்வகச் சோதனையில் நிற்கிறது என்று உணர்ந்தால் மட்டும் புகையை ஒழுங்காகச் சுத்தம் செய்தது. உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி வண்டிகள். இந்தியாவில் மட்டும் சுமார் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். சிக்கலை உண்டாக்கியது புரோகிராம். பல வண்டிகளில் சரிசெய்ததும் புதுப் புரோகிராம்தான்.

வெளியாரிடம் திறந்துவிட்டால் திருட்டும் தாக்குதலும் வரும் என்கின்றன நிறுவனங்கள். ஜீப் சம்பவத்துக்குப் பிறகு 2018 முதல் அந்த நிறுவனத்தின் வண்டிகளில் பாதுகாப்பு வாயில் ஒன்று வைக்கப்பட்டது. பதிவு செய்யாத ஸ்கேனரால் உள்ளே எழுத முடியாது. அந்த அச்சம் பொய் இல்லை. ஆனால் நிறுவனத்தின் கையில் மட்டும் இருந்த புரோகிராம் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு 1995ம் 2015ம் சாட்சி. வோக்ஸ்வாகன் மோசடியின் முடிச்சை முதலில் தொட்டது, மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சாலையிலேயே புகையை அளந்த ஒரு சிறு குழு. பூட்டு வேண்டும், பூட்டைத் திறக்கும் முறை சட்டப்படி, பதிவோடு, நேர்மையான மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும்.

டிவிஎஸ் 50 நின்ற இடத்தில்

இந்தியாவுக்கு இந்தப் பெட்டி தாமதமாக வந்து, வேகமாகப் பரவியது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் முறையைக் குறிக்கும் எம்பிஎஃப்ஐ என்ற சொல்லை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுவந்தது. 1999ல் தலைநகர்ப் பகுதிக்குக் கடுமையான புகை விதிகளை உச்ச நீதிமன்றம் விதித்த பிறகு கார்புரேட்டரின் நாட்கள் எண்ணப்பட்டன. 2017ல் நாடு முழுக்க பிஎஸ்-4 புகை விதி, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6.

அந்தக் கடைசிப் படி காரோடு நிற்கவில்லை. புல்லட்டுக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. நெல் மூட்டையும் பால் கேனும் தண்ணீர்க் குடமும் சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிக்கும் வந்தது. கிராமத்து வேப்பமரத்தடியில் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து, கார்புரேட்டரை ஊதி வண்டியைக் கிளப்பிய மெக்கானிக்கின் முன்னால் இன்று ஒரு ஈசிஎம் நிற்கிறது. கோயம்புத்தூரில் போஷின் மென்பொருள் மையத்தில் வாகனங்களுக்கான புரோகிராம் எழுதும் தமிழ் இளைஞர்கள் இருக்கிறார்கள். அதே மாவட்டத்துக் கிராமப் பட்டறையில் அந்தப் புரோகிராமைப் படிக்கும் கருவி இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இந்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளில், இதற்கான இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபகரணங்களோடு வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. நல்ல தொடக்கம். ஜே2534 போல எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொதுத் தரமும், நியாய விலையில் மென்பொருளும், ஐடிஐ பாடத்திட்டத்தில் புரோகிராம் போடும் பயிற்சியும் சேர்ந்தால்தான் அந்த உரிமை பட்டறை வரை இறங்கும். மாநில அரசும் மத்திய அரசும் இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை வண்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஈசிஎம் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், எர்த்தையும் ஒயரிங்கையும் சோலனாய்டுகளையும் சோதித்தார்களா என்று முதலில் கேளுங்கள். பழைய பெட்டியின் பார்ட் நம்பரைப் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வண்டி ஓடி, விளக்கு அணைந்து, சில நாள் ஆகும்வரை பழைய பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதுப்பெட்டிக்குத் தேவையான எண்கள் அதற்குள் இன்னும் இருக்கலாம்.